கறுத்த பித்தளை

கடையம் என்று சொன்னதும் தமிழ் படித்தவர்களுக்குப் பாரதியாரின் ஞாபகம் வரும். செல்லம்மாவின் ஊர் அது. 1918-ஆம் வருஷக் கடைசியில் கடலூர்ச் சிறையிலிருந்து வெளிவந்த பாரதியார் அங்கேதான் வந்து சேர்ந்தார். ஏறக்குறைய இரண்டு வருஷம் இருந்தார். குற்றாலத்துக்குப் போகிறவர்களுக்கோ அது தென்காசிக்கும் அம்பாசமுத்திரத்துக்கும் நடுவே, மலை ஓரமாக, ரயில் நின்று போகிற ஓர் ஊர், அவ்வளவுதான். எனக்கு மட்டும் கடையம் என்றால் ஒரு வாசனை. புளித்தண்ணீரும் கரிமருந்தும் கலந்த வாசனை. இதைச் சொன்னால் என் மனைவி சிரிக்கிறாள். "எல்லாருக்கும் சொந்த ஊர் என்றால் மல்லிகைப் பூ, மழை பெய்த மண் என்று ஞாபகம் வரும், உங்களுக்கு மட்டும் பட்டாசுக் கடையா?" என்கிறாள்.

அவள் கேட்பது நியாயந்தான். ஆனால் என் தாத்தாவிடம் ஒரு துப்பாக்கி இருந்தது என்பதையும், அதற்குப் பித்தளைத் தோட்டாக்கள் இருந்தன என்பதையும், அந்தப் பித்தளை கறுத்தது சம்பந்தமாகத் தகப்பனாருக்கும் பிள்ளைக்கும் பேச்சு முற்றி, ஒருவர் ஊரை விட்டே போனார் என்பதையும் கேட்டால், வாசகர்கள் அவ்வளவு சுலபமாகச் சிரித்துவிட மாட்டார்கள்.

தாத்தா வேட்டைக்காரர் அல்ல. மலை அடிவாரத்தில் வயலும் வாழைத் தோட்டமும் வைத்திருந்தவர். மலை அடிவாரத்தில் பயிர் வைப்பவனுக்கு இரண்டு பங்காளிகள் உண்டு; ஒன்று காட்டுப் பன்றி, மற்றொன்று யானை. பன்றி ஒரு ராத்திரியில் உழுகிற உழவை நான்கு ஜோடி மாடு உழாது. ஆகையால் பயிர்ப் பாதுகாப்புக்கென்று சர்க்கார் லைசென்ஸ் கொடுப்பதுண்டு. அப்படி லைசென்ஸ் பெற்ற 12-போர் இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று எங்கள் வீட்டுக் கூடத்துப் பெட்டியில் இருந்தது. நான் சிறுவனாக இருந்த 1980-களின் கடைசியில் அதில் ரவை போட்டு அவர் சுட்டு நான் பார்த்ததில்லை. வன விலங்குகளைக் காக்கும் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. தாத்தா சட்டத்துக்குப் பயந்தவர். மருந்தும் தக்கையும் மட்டும் வைத்து வானத்தைப் பார்த்துச் சுடுவார். அந்தச் சத்தம் மலையில் மோதித் திரும்பி வரும். பன்றிகள் அடுத்தவன் வயலுக்குப் போய்விடும்.

தோட்டா என்றவுடன் இந்தக் காலத்தவர்கள் பிளாஸ்டிக் குழாயை நினைப்பார்கள். சுட்டதும் எறிந்துவிடலாம். தாத்தாவுடையவை அப்படியல்ல. முழுக்க முழுக்கப் பித்தளையில் செய்த கூடுகள்; மொத்தம் இரண்டு டஜன். சுட்ட பிறகு வெந்த கேப்பைத் தட்டி எடுத்து, கழுவிக் காயவைத்து, புதுக் கேப்பும் மருந்தும் தக்கையும் வைத்து மறுபடியும் உபயோகிக்கலாம். பத்து வருஷம், இருபது வருஷம் என்று அவை உழைக்கும். தாத்தா அவற்றை வாங்கியது என் தகப்பனார் பிறப்பதற்கு முன்பாம்.

இதற்குப் பித்தளையைத் தேர்ந்தெடுத்தவன் கெட்டிக்காரன். 100 பங்கில் 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம் என்பது தோட்டாப் பித்தளையின் கணக்கு. அந்தச் சேர்மானத்துக்கு ஒரு விசேஷம் உண்டு. மருந்து வெடிக்கும் கணத்தில் கூடு சற்றே விரிந்து துப்பாக்கிக் குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். புகையும் நெருப்பும் சுடுகிறவன் முகத்துக்குத் திரும்பாமல் அடைத்துக்கொள்ளும். மறு கணமே சுருங்கி, விரலால் இழுத்தால் வெளியே வந்துவிடும். இரும்பு இவ்வளவு இணக்கமாக நடந்துகொள்ளாது. ஈயத்துக்கு உறுதி போதாது. விரிய வேண்டிய நேரத்தில் விரிந்து, ஒடுங்க வேண்டிய நேரத்தில் ஒடுங்குகிற குணம் மனிதர்களிடமே அபூர்வம் அல்லவா?

சுட்ட மறுநாள் காலை கூடுகளைக் கழுவுவது ஒரு சடங்கு மாதிரி நடக்கும். கரிமருந்து என்பது வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்தது. எரிந்த பிறகு மிஞ்சும் கசடு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுக்கும், உலோகத்தை அரிக்கும். ஆகையால் கிணற்றடியில் வெந்நீர் தயாராக இருக்கும். ஆச்சி பழம்புளியைக் கரைத்துக் கொடுப்பாள். அந்தப் புளித்தண்ணீரில் கூடுகளைச் சற்று நேரம் போட்டு, துணி சுற்றிய குச்சியால் உள்ளே துடைத்து, வெந்நீரில் இரண்டு தடவை அலசி, முற்றத்து வெயிலில் ஓலைப் பாயில் வரிசையாக நிறுத்துவார் தாத்தா. அவ்வளவோடு சரி. தேய்க்க மாட்டார், மெருகிட மாட்டார். ஒரு வாரத்தில் அவை மறுபடியும் மங்கி, தவிட்டு நிறமாகி, கொஞ்ச காலத்தில் பழைய கதவுக் கீல் மாதிரி கறுத்துப்போகும்.

ஆச்சிக்கு இது பொறுக்காது. வெள்ளிக்கிழமைதோறும் குத்துவிளக்கையும் குடத்தையும் செங்கல் பொடி போட்டு மஞ்சள் மஞ்சளாக மின்னச் செய்கிற கை அவளுடையது. "பீடை பிடிச்ச மாதிரி இருக்கு. நாலு தேய்ப்புத் தேய்ச்சா என்ன?" என்பாள்.

"அது அழுக்கு இல்லட்டீ. பித்தளைக்கு மேல்துண்டு" என்பார் தாத்தா.

தாத்தா ரசாயனம் படித்தவர் அல்ல. ஆனாலும் அவர் சொன்னதுதான் சாஸ்திரம். காற்றும் ஈரமும் மனிதர்களின் கை வியர்வையும் பட்டுப் பித்தளையின் மேல் மெல்லிய ஏடு ஒன்று படிகிறது. கந்தகம் கலந்தால் அது இன்னும் கறுக்கிறது. கரிமருந்து எரிந்த கசடில் பொட்டாசியமும் கந்தகமும் கூடிய உப்பு ஒன்று உண்டு. சிற்பிகளும் நகை வேலைக்காரர்களும் உலோகத்துக்கு வேண்டுமென்றே கறுப்பு ஏற்றுவதற்கு உபயோகிக்கும் மருந்தும் ஏறக்குறைய அதுதான். ஆக, ஒவ்வொரு தோட்டாவும் வெடிக்கும்போது தன் கூட்டுக்குத் தானே கறுப்புப் பூசிக்கொள்கிறது. அந்த ஏடு படிந்த பிறகு அதற்கு அடியில் உள்ள உலோகம் அவ்வளவு சீக்கிரம் கெடாது. கறுப்பினால் தோட்டாவுக்கு யாதொரு தோஷமும் இல்லை.

பயப்பட வேண்டிய நிறம் வேறு. புளியில் ராத்திரி முழுக்க ஊறப்போட்டு மறந்துவிட்டால், மறுநாள் பித்தளை ரோஜாப்பூ மாதிரி இளஞ்சிவப்பாக எழுந்து வரும். பார்க்க அழகாக இருக்கும். ஆனால் புளிப்பானது மேற்பரப்பிலிருந்து துத்தநாகத்தைக் கரைத்துக்கொண்டு போய், செம்பை மட்டும் மிச்சம் வைத்துவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். சிவப்பு மேலோடு நின்றால் பாதகமில்லை. ஆழமாக இறங்கினால் கூடு பலமற்றுப்போகும். அப்படி அழகு கூடிய கூடு ஒன்றைத் தாத்தா சுத்தியலால் நசுக்கி எறிந்தாராம். அது நான் பிறப்பதற்கு முந்திய கதை.

இனி, சித்தப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

சித்தப்பா தாத்தாவின் கடைசிப் பிள்ளை. சாது. வீட்டில் எது உடைந்தாலும், எது தொலைந்தாலும் முதல் வசவு அவருக்கு. வசவு மட்டுமல்ல, தோளுக்கு மேல் வளர்ந்த பிறகும் அவர் முதுகில் தாத்தாவின் கை விழுந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. முகத்தில் எப்போதும் ஒரு சிரிப்பு இருக்கும். "தங்கமான பிள்ளை, எதையும் மனசில் வைத்துக்கொள்ளமாட்டான்" என்று ஊரே சொல்லும்.

ஒரு பங்குனி மாதம், லைசென்ஸ் புதுப்பிப்பதற்காகத் துப்பாக்கியையும் தோட்டாவையும் அதிகாரிக்குக் காட்ட வேண்டியிருந்தது. தகப்பனாரைச் சந்தோஷப்படுத்தவேண்டும் என்று சித்தப்பாவுக்கு ஓர் ஆசை. டவுனிலிருந்து பாட்டிலில் அடைத்த பாலிஷ் வாங்கி வந்து, ஒரு பகல் முழுக்கத் திண்ணையில் உட்கார்ந்து 24 கூடுகளையும் தேய்த்துத் தங்கக் காசு மாதிரி ஆக்கிவிட்டார். அந்தப் பாலிஷின் நெடி, கண்ணில் நீர் வரவழைக்கும் நெடி, இன்றும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தாத்தா வந்து பார்த்தார். "எவம்லே இதைத் தொடச் சொன்னது? இருபது வருஷமா நான் காப்பாத்தி வச்சதை ஒரு நாளிலே உரிச்சுப்போட்டியே!" என்று ஆரம்பித்து, தெரு கூடும்படி பேசினார். சித்தப்பா வழக்கம்போல் சிரித்துக்கொண்டே எழுந்துபோனார். வைகாசியில், ஒரு சிநேகிதர் வேலை பார்த்துத் தருவதாக எழுதியிருக்கிறார் என்று சொல்லிப் பம்பாய்க்கு ரயில் ஏறினார். ரயிலடியிலும் சிரித்தார். போன பிறகு கடிதம் இல்லை.

ஆனியில் குற்றாலத்தில் சீசன் தொடங்கியது. ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்றின் சாரல் எங்கள் ஊரையும் நனைத்துவிட்டுப் போகும். அந்த மாதங்களில் வீட்டில் உப்பு கரையும்; தீப்பெட்டி பற்றாது. தாத்தா தோட்டாக் கூடுகளை ஒரு தகரப் பெட்டியில் போட்டு, மாட்டுத் தொழுவுக்கு மேலிருந்த பரணில் ஏற்றிவைத்தார். அங்கேதான் கதகதப்பு என்பது அவர் எண்ணம். புரட்டாசியில் பெட்டியை இறக்கித் திறந்தபோது மூன்று கூடுகளின் வாயோரத்தில் மயிரிழை போல் நெடுக விரிசல் கண்டிருந்தது. ஒருவரும் அவற்றைச் சுடவில்லை, கீழே போடவில்லை, தொடக்கூட இல்லை.

"பாத்தியா? அவன் போட்ட மருந்து!" என்றார் தாத்தா. வீட்டில் எல்லாருக்கும் அது சரி என்றே பட்டது. இல்லாத மனிதன் மேல் குற்றம் சுமத்துவது எப்போதும் சௌகரியம்.

அந்த வாரம் கன்னார் ஆசாரி ஒருவர் தெருவில் பாத்திரங்களுக்கு ஈயம் பூச வந்திருந்தார். தாத்தா அவரிடம் கூடுகளைக் காட்டினார். ஆசாரி விரிந்த கூட்டை எடுத்துத் திண்ணைக் கல்லில் தட்டினார். ஓட்டைப் பானை மாதிரி பொத்தென்றது. நல்ல கூட்டைத் தட்டினார். மணி மாதிரி இழுத்தது. பிறகு விரிசலை நகத்தால் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"ஐயா, மருந்து எல்லாத்துக்கும் ஒண்ணுபோலத்தானே போட்டிருக்கு? இருபத்தொண்ணு நல்லா இருக்கே. இது அடி வாங்கின பித்தளை. தகட்டை அடிச்சு இழுத்துத்தான் எதையும் செய்யணும். அடிக்க அடிக்க இறுகும். இடையிலே ஒரு சூடு காட்டினா இறுக்கம் விட்டுப்போகும். காட்டாம விட்டா அடிச்ச அடி உள்ளேயே நிக்கும். வெளியே தெரியாது, பளபளன்னு இருக்கும். என்னைக்காவது ஒரு மழைக்காலத்துல தானா வெடிச்சிரும். எங்க பட்டறையில குடமே அப்படி வெடிச்சிருக்கு. அதுலயும் தொழு வாடை பித்தளைக்கு ஆகவே ஆகாது. அங்கன யாரு வச்சது?"

தாத்தா பதில் சொல்லவில்லை.

ஆசாரி சொன்னதை அப்போது நான் ஏதோ தொழில் பேச்சு என்றுதான் கேட்டேன். வெகு காலத்துக்குப் பின்பு, ஒரு கதைக்காக உலோகங்களைப் பற்றிப் படிக்க நேர்ந்தபோது, அதே விஷயம் பெரிய எழுத்தில் எனக்கு முன்னால் வந்து நின்றது. இந்தியாவிலிருந்த வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு இதே சங்கடம் வந்திருக்கிறது. மழைக்காலத்தில் படை நடவடிக்கை குறைவு. ஆகையால் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் அடுக்கிவைப்பார்களாம். மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால் பல தோட்டாக்கள் விரிந்திருக்கும். முக்கியமாக, கூடு குண்டைக் கவ்விப் பிடித்திருக்கும் கழுத்தில். பருவத்தில் வருவதால் அதற்குச் 'சீசன் விரிசல்' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். குற்றாலத்துக்காரர்கள் கொண்டாடுகிற அதே 'சீசன்' என்ற வார்த்தைதான்!

அதன் ரகசியம் 1921-ல்தான் துலங்கியது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவர் காரணத்தை எடுத்துச் சொன்னார்கள். குதிரை மூத்திரத்திலிருந்து அம்மோனியா எழுகிறது. அம்மோனியாவுக்குச் செம்பின் மேல் தனிப் பிரியம். பள்ளிக்கூடத்தில் மயில்துத்தக் கரைசலில் அம்மோனியா விட்டு ஆழ்ந்த நீலம் வரச்செய்ததை வாசகர்கள் நினைத்துக்கொள்ளலாம். ஆனால் அம்மோனியா மட்டும் விரிசலை உண்டாக்காது. இறுக்கமில்லாத பித்தளையில் பட்டால் கறை படியும். அல்லது மேலாக அரிக்கும். ஆலையில் தகட்டை இழுத்து இழுத்துக் கூடாக்கியபோது உள்ளே தங்கிவிட்ட இறுக்கம் ஒரு பக்கம், ஈரக் காற்றோடு வந்த அம்மோனியா மறு பக்கம். இரண்டும் சந்திக்கிற இடத்தில் பித்தளை பிளக்கிறது. குதிரை லாயத்துக்குப் பதில் மாட்டுத் தொழு என்று போட்டுக்கொண்டால் எங்கள் வீட்டுக் கதை அப்படியே பொருந்துகிறது.

நியாயமாகப் பேசினால், விஞ்ஞானம் சித்தப்பாவை முழுக்க விடுதலை செய்திராது. பித்தளைக்கென்று விற்ற திரவ பாலிஷ்கள் பலவற்றில் அம்மோனியா உண்டு. தோட்டாக் கூடுகளுக்கு அவற்றை உபயோகிக்காதீர்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் இன்றைக்கும் எச்சரிக்கிறார்கள். ஆனால் பாலிஷ் ஒரு நாள் சமாசாரம். பரண் மூன்று மாத சமாசாரம். இரண்டுக்கும் முன்னால் வருஷக் கணக்கில் அடியும் வெடியும் வாங்கி இறுகிய இறுக்கம் இருக்கிறதே, அது யாருடைய கணக்கில் சேரும்?

நோய்க்கு மருந்து சுலபமானதுதான். ஆசாரி சொன்ன அதே சூடு. தோட்டா ஆலைகளில் கூட்டின் கழுத்தை மட்டும் சிறிது நேரம் நெருப்பில் காட்டி இறுக்கத்தை விடுவிக்கிறார்கள். அடிப்பாகத்தைக் காட்டுவதில்லை; வெடியின் வேகத்தைத் தாங்க அது இறுக்கமாகவே இருக்கவேண்டும். சூடு பட்ட கழுத்தில் நீலமும் தவிடுமாக ஒரு வளையம் படியும். கடைக்கு வருகிற தோட்டாக்களில் பெரும்பாலும் அதைத் தேய்த்து மறைத்துவிடுவார்கள். வாங்குகிறவர்களுக்குப் பளபளப்பு வேண்டுமே! பட்டாளத்துத் தோட்டாக்களில் பெரும்பாலும் அந்தக் கறையை அப்படியே விட்டுவைக்கிறார்கள். இந்தக் கூடு நெருப்பைக் கண்டு ஆறியது, இதை நம்பலாம் என்பதற்கு அந்தக் கறைதான் சாட்சி.

ஆசாரி வந்துபோன அன்று சாயங்காலம் தாத்தா வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். விளக்கு வைத்த பிறகு என்னைக் கூப்பிட்டு, தபால் கார்டு ஒன்று எடுத்துவரச் சொன்னார். அவருக்குக் கண் மங்கல். அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஷேமலாபமெல்லாம் முடிந்த பிறகு அவர் சொன்னது இவ்வளவுதான்: "தோட்டாக் கூடு மூன்று விரிந்துவிட்டது. உன் மருந்தினால் அல்ல என்று ஆசாரி சொல்லுகிறார். பரணில் வைத்தது நான். தீபாவளிக்கு வந்து போகவும்."

"இன்னும் ஏதாவது எழுதணுமா, தாத்தா?" என்று கேட்டேன்.

"அவனுக்குப் புரியும்லே" என்றார்.

சித்தப்பா தீபாவளிக்கு வந்தார். வந்த இரண்டாம் நாள், ஏதோ ஓர் அற்ப விஷயத்துக்காக, என் நினைவில் முதல் தடவையாகத் தகப்பனாரை எதிர்த்துச் சத்தம் போட்டார். இருபது வருஷத்துப் பேச்சை ஒரே மூச்சில் பேசினார். ஆச்சி அழுதாள். தாத்தா தலையைக் குனிந்துகொண்டு முழுவதையும் கேட்டார். அன்று ராத்திரி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அதற்குப் பிறகு சித்தப்பாவின் முகத்தில் அந்தப் பழைய ஓயாத சிரிப்பு இல்லை. ஆனால் வருஷா வருஷம் தவறாமல் ஊருக்கு வந்தார்.

தாத்தா காலமான பிறகு துப்பாக்கியையும் கூடுகளையும் சட்டப்படி ஒப்படைக்க வேண்டியிருந்தது. சித்தப்பாவோடு நானும் போயிருந்தேன். பெற்றுக்கொண்ட குமாஸ்தா பெட்டியைத் திறந்து எண்ணினார், இருபத்தொன்று. பல வருஷக் கறுப்பு அவற்றின்மேல் மறுபடியும் ஏறியிருந்தது. "எல்லாம் கறுத்துப் போச்சே, சார். உபயோகம் இல்லாததுன்னு எழுதிக்கவா?" என்று கேட்டார்.

சித்தப்பா ஒரு கூட்டை எடுத்து மேஜை விளிம்பில் மெல்லத் தட்டினார். அது கணீரென்று நீளமாக ஒலித்தது.

"கறுத்ததுன்னு எழுதுங்க. மத்தது வேண்டாம்" என்றார்.